அணுவுக்கு ஒரு கணக்குப்பிள்ளை

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அணு உலை விற்கிறது. அந்த அணு உலை விளக்கு எரிக்கத்தான் பயன்படுகிறதா, குண்டு செய்யப் பயன்படுகிறதா என்று பார்ப்பது யார்? அவர்களுக்கு அந்த அதிகாரம் எப்படி வந்தது? கூடங்குளத்துக்கும் கல்பாக்கத்துக்கும் அதில் என்ன வேறுபாடு? இதோ விவரம்.

பீரங்கி அளந்த பூமி

கடலூர் தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்தில், கெடிலம் ஆற்றங்கரையில், ஒரு பழைய கோட்டை இருக்கிறது. கோட்டை என்று சொல்வதை விட, கோட்டையின் மிச்சம் என்று சொல்வதே பொருத்தம். இடிந்த சுவர், சிதைந்த செங்கல், அவற்றின் மேல் முளைத்த மரங்கள். அதன் பெயர் புனித டேவிட் கோட்டை.

அந்தக் கோட்டையை வெள்ளைக்காரர்கள் சண்டை போட்டுப் பிடிக்கவில்லை. விலை கொடுத்து வாங்கினார்கள்.

1690-ம் ஆண்டு. செஞ்சிக் கோட்டையில் மராட்டிய மன்னர் ராஜாராம் இருந்தார். அவருக்குப் பணம் தேவைப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடலோரத்தில் ஓர் இடம் தேவைப்பட்டது. பேரம் முடிந்தது. கோட்டை கம்பெனிக்கு. கோட்டையைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் கம்பெனிக்கு.

ஒப்பந்தத்தில் 'பீரங்கிக் குண்டு விழும் தூரம்' என்றுதான் இருந்தது. எந்தப் பீரங்கி என்று இல்லை!

அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிகு யேல். பலே கெட்டிக்காரர். நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பச் செய்தார். எவ்வளவு ஊர்களை வளைக்க முடியுமோ அவ்வளவையும் வளைக்கும்படி சுடுவது பீரங்கிக்காரனின் சாமர்த்தியம் என்றும் சொல்லி அனுப்பினார்.

'டமார்!' பீரங்கி வெடித்தது. ஒவ்வொரு திசையாகத் திருப்பிச் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் எல்லாம் எல்லை ஆயிற்று. அந்த வளையத்துக்குள் அகப்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர் பெற்றன. கடலூர் நகரமே அந்த வளையத்துக்குள் வந்துவிட்டது.

விற்றவரின் தரப்பில், "இது என்ன பீரங்கி? இதற்கு எவ்வளவு மருந்து போட்டாய்?" என்று கேட்க ஆள் இல்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக நின்று அளந்து பார்க்கவும் ஆள் இல்லை.

இது நிலத்தின் கதை. நிலத்தை அளப்பதிலேயே இத்தனை வம்பு என்றால், அணு வியாபாரத்தில் எத்தனை வம்பு வரும்! அதனால்தான், ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அணு உலையோ எரிபொருளோ விற்கும்போது, நடுவில் நின்று கணக்குப் பார்க்க ஒரு கணக்குப்பிள்ளையை உலகம் வைத்திருக்கிறது. அவருடைய ஆபீஸ் ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரில் இருக்கிறது. பெயர், சர்வதேச அணுசக்தி முகமை.

நெய்வேலிக்கு ஏன் வரவில்லை?

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி இருக்கிறது. அங்கே பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி. அதை எரித்து மின்சாரம் எடுக்க, 1960-களில் முதல் அனல் மின்சார நிலையம் வந்தது. அதைக் கட்டுவதற்கு உதவிய நாடு ரஷியா.

திருநெல்வேலி மாவட்டத்தில் கூடங்குளம் இருக்கிறது. அங்கே அணு மின்சார நிலையம். அதைக் கட்டுவதற்கு உதவிய நாடும் ரஷியாதான்.

நெய்வேலியில் எத்தனை டன் நிலக்கரி வெட்டினார்கள், எத்தனை டன் எரித்தார்கள் என்று பார்க்க வெளிநாட்டில் இருந்து எந்த இன்ஸ்பெக்டரும் வந்தது இல்லை. கூடங்குளத்துக்கு மட்டும் வியன்னாவில் இருந்து இன்ஸ்பெக்டர்கள் வருகிறார்கள்.

என்ன காரணம்?

நிலக்கரி எரிந்தால் சாம்பல் ஆகிறது. சாம்பலைக் கொண்டு பாத்திரம் துலக்கலாம். செங்கல் செய்யலாம். ஊரை அழிக்க முடியாது.

யுரேனியம் அப்படி அல்ல. அணு உலைக்குள் யுரேனிய அணு பிளக்கிறது. பெரும் சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டில் தண்ணீர் நீராவி ஆகி, சக்கரத்தைச் சுழற்றுகிறது. மின்சாரம் வருகிறது. இது வரை நல்லதுதான். ஆனால், உலைக்குள் இருக்கும் யுரேனியத்தில் ஒரு பகுதி புளூட்டோனியம் என்ற வேறு பொருளாக மாறுகிறது. எரிந்து முடிந்த எரிபொருளில் இருந்து இதைப் பிரித்து எடுக்க முடியும். பிரித்து எடுத்தால் அணுகுண்டு செய்யலாம். ஜப்பானில் நாகசாகி நகரின் மீது 1945-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி போட்ட குண்டு புளூட்டோனியக் குண்டுதான்.

ஒரு குண்டுக்கு எவ்வளவு வேண்டும்? வியன்னா முகமை தன் கணக்குக்கு 8 கிலோ என்று வைத்திருக்கிறது. 8 கிலோ புளூட்டோனியம் எங்காவது காணாமல் போனால், ஒரு குண்டுக்கு ஆபத்து வந்துவிட்டது என்று அர்த்தம்.

8 கிலோ என்பது வீட்டில் ஒரு தூக்குக் கூடையில் வைக்கும் அரிசியின் எடை. அதற்காகத்தான் இவ்வளவு காவல்.

கல்யாண விளக்கும் துணைவேந்தரும்

அணுப் பொருளுக்காக நடந்த பேரம் தமிழ் மண்ணுக்குப் புதிது அல்ல.

பழைய காலத்தில் கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குத் தூக்கி வருவார்கள். அந்த விளக்குக்குள் வலை போல ஒரு மேண்டில் இருக்கும். அது வெள்ளை வெளேர் என்று எரிவதற்குக் காரணம் தோரியம் என்ற பொருள். தோரியம் கிடைப்பது மோனசைட் என்ற மணலில். அந்த மணல் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருப்பதை 1909-ம் ஆண்டில் கண்டுபிடித்தவர் ஒரு ஜெர்மானியர். அந்தக் காலத்தில் மணவாளக்குறிச்சி திருவாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது.

முதலில் அது விளக்குக்கு மட்டும் பயன்பட்ட மணல். 1945-ல் அணுகுண்டு வெடித்த பிறகு, மணலின் மதிப்பே மாறிவிட்டது. தோரியத்தில் இருந்தும் அணுசக்தி எடுக்க வழி உண்டு என்று விஞ்ஞானிகள் கண்டிருந்தார்கள். வல்லரசுகள் கண் வைத்தன.

அப்போது திருவாங்கூரில் திவானாக இருந்தவர் சர் சி.பி.ராமசாமி அய்யர். அவர் மணலைச் சும்மா அள்ளிக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. ஏற்றுமதிக்குத் தடை போட்டார். பிறகு 1947-ல், பிரிட்டனுடன் மோனசைட் உடன்பாடு ஒன்று செய்தார். டெல்லியில் இருந்த தலைவர்களுக்கு இது பிடிக்கவில்லை. சுதந்திர இந்தியாவின் சொத்து கை மாறிப் போகிறதே என்று கவலைப்பட்டார்கள். அந்த ஆண்டிலேயே திருவாங்கூர் இந்தியாவுடன் சேர்ந்தது. 1948-ல் அணுசக்திக்கு என்று தனிச் சட்டம் வந்தது. மணல் மத்திய சர்க்காரின் கட்டுப்பாட்டுக்குப் போயிற்று.

அதே சர் சி.பி.ராமசாமி அய்யர்தான், 1950-களில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார்.

மணல் பேரத்தில் பார்த்தது ஒன்றுதான். பேரம் பேசியவர்கள் இரண்டே பேர். வாங்குகிறவர் அதை என்ன செய்வார் என்று கேட்க மூன்றாவது ஆள் இல்லை.

"அமைதிக்காக மட்டும்"

மூன்றாவது ஆள் வேண்டும் என்ற பேச்சு 1953-ல் வலுத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி, அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் ஐக்கிய நாடுகள் சபையில் பேசினார். அணுவை அமைதிக்குப் பயன்படுத்துவோம், அதைக் கண்காணிக்க ஓர் உலக அமைப்பு வேண்டும் என்றார். அதன் பலனாக 1957-ல் பிறந்ததுதான் வியன்னா முகமை.

ஆனால், முகமை பிறப்பதற்கு முன்பே ஓர் ஒப்பந்தம் முடிந்துவிட்டது.

1956-ம் ஆண்டில் கனடா இந்தியாவுக்கு ஓர் ஆராய்ச்சி உலை கொடுக்கச் சம்மதித்தது. அதற்கு வேண்டிய கனநீரை அமெரிக்கா கொடுத்தது. பம்பாய்க்கு அருகே டிராம்பேயில் 1960-ல் அந்த உலை இயங்கத் தொடங்கியது. அதன் பெயர் 'சைரஸ்'.

ஒப்பந்தத்தில், 'அமைதிக் காரியங்களுக்கு மட்டும்' என்று எழுதி இருந்தது. ஆனால், வந்து பார்த்துக் கணக்கு எடுக்க இன்ஸ்பெக்டர் யாரும் நியமிக்கப்படவில்லை.

1974-ம் ஆண்டு மே 18-ந் தேதி. ராஜஸ்தான் பாலைவனத்தில் பொக்ரான் என்ற இடத்தில் பூமி குலுங்கியது. இந்தியா அணுவை வெடித்துச் சோதித்தது. அதற்கு வேண்டிய புளூட்டோனியம் 'சைரஸ்' உலையில் உண்டானது.

"கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று?" என்று கனடா கேட்டது.

"இதுவும் அமைதிக்கான வெடிப்புத்தான். சுரங்கம் வெட்டவும் மண் தோண்டவும் பயன்படும்" என்பது இந்தியாவின் பதில்.

'அமைதி' என்ற சொல்லுக்கு எது வரை எல்லை? ஒப்பந்தத்தில் அது இல்லை. பீரங்கிக் குண்டின் தூரம் போலத்தான்! 1690-ல் அந்தச் சாமர்த்தியத்தால் தமிழ் மண் இழந்தது. 1974-ல் அதே போன்ற சாமர்த்தியம் இந்தியாவின் பக்கம் இருந்தது.

கதவு சாத்தப்பட்டது

கனடாவுக்குக் கோபம் வந்தது. அணு உதவியை நிறுத்தியது. ராஜஸ்தானில் கனடா உதவியுடன் கட்டி வந்த இரண்டாவது உலையை, இந்திய என்ஜினீயர்களே தனியாகக் கட்டி முடிக்க வேண்டியதாயிற்று.

அணுப் பொருள் விற்கும் நாடுகள் ஒன்று கூடின. அமெரிக்கா, ரஷியாவின் முன்னோடியான சோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்ஸ், கனடா, மேற்கு ஜெர்மனி, ஜப்பான் ஆகிய 7 நாடுகள் லண்டனில் பேச்சு நடத்தின. யாருக்கு விற்கலாம், எந்த நிபந்தனையின் பேரில் விற்கலாம் என்று விதிகள் வகுத்து, 1978-ல் வெளியிட்டன. அதுதான் அணுப் பொருள் வழங்கும் நாடுகளின் குழு. இன்று அதில் 48 நாடுகள் இருக்கின்றன. ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்றால், அத்தனை பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாடு தலையை ஆட்டி மறுத்தாலும் காரியம் நடக்காது.

இதற்கு முன்பே, 1970-ல், அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் என்ற உலக ஒப்பந்தம் அமலுக்கு வந்திருந்தது. 1967-ம் ஆண்டுக்கு முன் குண்டு வெடித்த 5 நாடுகள் குண்டை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் செய்யக்கூடாது. மற்றவர்களின் உலைகள் எல்லாவற்றையும் வியன்னா இன்ஸ்பெக்டர்கள் பார்க்க வேண்டும். இது அந்த ஒப்பந்தத்தின் சாரம்.

"ஊருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?" என்று கேட்டு இந்தியா கையெழுத்துப் போட மறுத்தது. இன்று வரை போடவில்லை.

விளைவு? மராட்டியத்தில் அமெரிக்கா கட்டிக் கொடுத்த தாராப்பூர் நிலையத்துக்கு எரிபொருள் வருவதில் இடைஞ்சல் வந்தது. 30 ஆண்டு தருவதாக 1963-ல் ஒப்பந்தம் செய்த அமெரிக்கா, 1978-ல் புதிய சட்டம் போட்டுக்கொண்டு தயங்கியது. கடைசியில் 1982-ல் பிரான்ஸ் தர முன்வந்தது.

தனியாகக் கட்டிய கல்பாக்கம்

இந்தக் காலத்தில்தான் கல்பாக்கம் எழுந்தது. கடலூருக்கு வடக்கே, அதே கடற்கரையில். அந்த இரண்டு உலைகளையும் இந்தியா தன் சொந்த முயற்சியில் கட்டியது. 1984-லும் 1986-லும் அவை மின்சாரம் தரத் தொடங்கின. வெளிநாட்டில் வாங்கிய உலை அல்ல என்பதால், வியன்னா இன்ஸ்பெக்டருக்கு அங்கே வேலை இல்லை.

கூடங்குளம் வேறு வகை. 1988-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி, பிரதமர் ராஜீவ்காந்தியும் சோவியத் தலைவர் கோர்பசேவும் அதற்கு ஒப்பந்தம் செய்தார்கள். வெளிநாட்டில் இருந்து வாங்கும் உலை. ஆகவே, அதை வியன்னா முகமையின் கண்காணிப்பில் வைக்க அதே ஆண்டில் தனி உடன்பாடும் செய்யப்பட்டது.

1991-ல் சோவியத் யூனியன் சிதறியது. திட்டம் தூங்கியது. 1992-ல் விற்கும் நாடுகளின் குழு விதியை இறுக்கியது. எல்லா உலைகளையும் இன்ஸ்பெக்டருக்குத் திறந்து காட்டாத நாட்டுக்கு எதுவும் விற்கக்கூடாது என்றது. ஆனாலும், 1998-ல் ரஷியா கூடங்குளம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. "இது 1988-ம் ஆண்டு ஒப்பந்தம். உங்கள் விதி 1992-ம் ஆண்டு விதி. பழைய பேரத்தைப் புதிய விதி கட்டுப்படுத்தாது" என்பது ரஷியாவின் வாதம். அமெரிக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வேலை நடந்தது.

பின்னாளில், இதே மாதிரி வாதத்தைச் சொல்லிச் சீனா பாகிஸ்தானுக்கு சாஷ்மா என்ற இடத்தில் கூடுதல் உலைகள் கொடுத்தது. அப்போது ஆட்சேபம் சொன்ன நாடுகளில் இந்தியாவும் ஒன்று!

2008-ம் ஆண்டு

இந்தியாவில் உலைகள் இருந்தன. யுரேனியம் போதவில்லை. 2008-ம் ஆண்டு வாக்கில், பல உலைகள் பாதிச் சக்தியில்தான் ஓடின. அடுப்பு இருக்கிறது, விறகு இல்லை என்ற கதை.

2005-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி, பிரதமர் மன்மோகன்சிங்கும் அமெரிக்க ஜனாதிபதி புஷ்சும் வாஷிங்டனில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். இந்தியா தன் அணு நிலையங்களை இரண்டாகப் பிரிக்கும். மின்சாரத்துக்கு உள்ளவை ஒரு பக்கம். ராணுவத் தேவைக்காக ஒதுக்கி வைப்பவை மறு பக்கம். முதல் பக்கத்தை வியன்னா இன்ஸ்பெக்டர்கள் பார்க்கலாம். அதற்குப் பதிலாக, உலக நாடுகளுடன் அணு வியாபாரம் செய்ய இந்தியாவுக்கு வழி விடப்படும்.

ஓடிக்கொண்டிருந்ததும் கட்டிக்கொண்டிருந்ததுமாக அப்போது கணக்கில் இருந்த உலைகள் 22. அவற்றில் 14 உலைகள் கண்காணிப்புக்குள் வந்தன. 8 உலைகள் வெளியே நின்றன. கூடங்குளம் உள்ளே. கல்பாக்கம் வெளியே. சண்டைக்குக் காரணமான 'சைரஸ்' உலையை மூடுவதாக இந்தியா சொன்னது. 2010-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி அது மூடப்பட்டது.

நாட்டில் பெரிய கொந்தளிப்பு. நம் சுதந்திரம் போய்விடும் என்று இடதுசாரிக் கட்சிகள் ஆதரவை விலக்கின. 2008 ஜூலை 22-ந் தேதி பாராளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. 275 ஓட்டுக்கு 256 ஓட்டு. சர்க்கார் பிழைத்தது.

ஆகஸ்டு 1-ந் தேதி வியன்னா முகமையின் நிர்வாகக் குழு கண்காணிப்பு உடன்பாட்டை ஏற்றது. பிறகு, விற்கும் நாடுகளின் குழு கூடியது. அப்போது அதில் 45 நாடுகள். ஆஸ்திரியா, அயர்லாந்து, நியூசிலாந்து போன்ற சிறிய நாடுகள், "விதியை ஒரு நாட்டுக்காக வளைக்கலாமா?" என்று பிடிவாதமாகக் கேட்டன. இரவு பகலாகப் பேச்சு. செப்டம்பர் 6-ந் தேதி கதவு திறந்தது. அக்டோபர் 10-ந் தேதி, வாஷிங்டனில் வெளிநாட்டு மந்திரி பிரணாப் முகர்ஜியும், அமெரிக்க வெளிநாட்டு மந்திரி கண்டலிசா ரைசும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

அதன் பிறகு யுரேனியம் வரத் தொடங்கியது. பிரான்ஸ், ரஷியா, கஜகஸ்தான் ஆகிய நாடுகள் விற்றன. கோபித்துக்கொண்டு போன கனடாவும் 2010-ல் ஒப்பந்தம் செய்தது. 2015-ல் யுரேனியம் விற்கச் சம்மதித்தது!

பத்தரும் சேதாரமும்

வியன்னா இன்ஸ்பெக்டர் வந்து என்ன செய்வார்? வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நகைக் கணக்குத் தெரிந்தால் போதும்.

ஒரு தாய், மகள் கல்யாணத்துக்குச் சங்கிலி செய்யப் பத்தரிடம் 5 பவுன் கொடுக்கிறாள். சங்கிலி வருகிறது. நிறுத்துப் பார்க்கிறாள்.

"பத்தரே, 5 பவுன் கொடுத்தேன். நாலே முக்கால்தானே இருக்குது?"

"சேதாரம் அம்மா. உருக்கினது, ராவினது எல்லாம் போகத்தானே மிச்சம்?"

"ராவின தூள் எங்கே? அதையும் தராசிலே வையுங்க. கூட்டிப் பார்க்கலாம்."

இதுதான் அணுக் கணக்கும். கூடங்குளத்தில் ஓர் உலைக்குள் 163 எரிபொருள் கட்டுகள் இருக்கும். உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை, எரிந்து முடிந்து தண்ணீர்த் தொட்டியில் கிடப்பது எத்தனை என்று நிலையத்தார் ஏடு எழுத வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து ஏட்டைப் பார்ப்பார். பிறகு பொருளைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால், விளக்கம் சொல்ல வேண்டும். "சேதாரம்" என்று சொன்னால் மட்டும் போதாது.

அவர் எந்நேரமும் அங்கேயே உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே, அவருக்குப் பதிலாக இரண்டு காவலர்கள் இருப்பார்கள். ஒன்று காமிரா. முக்கியமான இடங்களில் அது விடாமல் படம் எடுக்கும். மற்றொன்று முத்திரை. கோவில் உண்டியலில் அரக்கு முத்திரை வைப்பது போல, கதவிலும் கலத்திலும் முத்திரை வைத்துவிட்டுப் போவார். நெடுங்காலம் பயன்பட்ட உலோக முத்திரைக்கு உள்ளே, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாத கீறல்கள் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்திருப்பார்கள். கழற்றி வேறு ஒன்றை மாட்டினால் அகப்பட்டுக்கொள்வார்கள். தூசியைத் துணியால் துடைத்து எடுத்து, வியன்னாவுக்குப் பக்கத்தில் உள்ள சோதனைக்கூடத்தில் ஆராயும் வழக்கமும் உண்டு.

சிதம்பரம் நடராஜர் கோவிலில் திரையை விலக்கி ரகசியம் காட்டுவார்கள். அங்கே உருவம் இல்லை. வெட்டவெளியே இறைவன் என்பது தத்துவம். வியன்னா இன்ஸ்பெக்டரும் திரையை விலக்கிப் பார்க்கிறவர்தான். ஆனால், அவர் தேடுவது தத்துவத்தை அல்ல. உள்ளே ஒளித்து வைத்தது ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், அவருக்குத் திருப்தி.

கணக்கில் வராதது

ஒரு விஷயத்தை மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இன்ஸ்பெக்டர் பார்ப்பது, பொருள் குண்டுக்குப் போகிறதா என்பதைத்தான். உலை பத்திரமாக ஓடுகிறதா, கசிகிறதா, கடலில் விடும் தண்ணீர் எவ்வளவு சூடு என்பது அவர் கணக்கு அல்ல.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. தேவனாம்பட்டினத்தில் வீடுகள் போயின. கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. அதே அலை கல்பாக்கத்திலும் புகுந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். அங்கே உலைக்கு ஆபத்து இல்லை. ஆனால், 2011 மார்ச் 11-ந் தேதி ஜப்பானில் புகுஷிமாவில் சுனாமி புகுந்தபோது, மூன்று உலைகள் உருகின. அந்த உலைகளும் வியன்னா கண்காணிப்பில் இருந்தவைதான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அலைக்குக் கணக்குத் தெரியவில்லை.

அதே ஆண்டில் கூடங்குளத்தை எதிர்த்து இடிந்தகரை மீனவ மக்கள் போராடினார்கள். அவர்கள் கேட்டது குண்டைப் பற்றி அல்ல. கடலைப் பற்றி, மீனைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2013 மே 6-ந் தேதி கோர்ட்டு, பாதுகாப்பு நிபந்தனைகளுடன், நிலையத்துக்கு அனுமதி தந்தது.

இந்தியாவில் பாதுகாப்பைப் பார்ப்பது, 1983-ல் அமைத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். பாதுகாப்பு விஷயத்தில் வியன்னா முகமை, அழைத்தால் வந்து ஆலோசனை சொல்லும். 2012-ல் ராஜஸ்தான் உலைகளை அப்படி வந்து பார்த்தது. ஆனால், கதவைத் திற என்று உத்தரவு போட முடியாது.

இரு பக்க நியாயம்

2008-ம் ஆண்டு ஏற்பாட்டைக் குறை கூறுவோர் உண்டு. "வெளிநாட்டு யுரேனியம் மின்சாரத்துக்கு வந்தால், உள்நாட்டு யுரேனியம் குண்டுக்கு மிச்சம் ஆகும். எட்டு உலைகள் இருட்டில் நிற்கின்றன. இது அரைக் காவல்" என்பது அவர்கள் வாதம்.

ஆதரிப்போர், "முன்பு 6 உலைகள்தான் வெளிச்சத்தில் இருந்தன. இப்போது அதற்கு மேல் இருக்கின்றன. முழு இருட்டுக்கு அரை வெளிச்சம் மேல். மேலும், கொடுத்த வாக்கை இந்தியா மீறவில்லை" என்கிறார்கள்.

விற்கும் நாடுகளின் குழுவில் தானும் அங்கம் ஆக வேண்டும் என்று 2016-ல் இந்தியா மனுச் செய்தது. சீனா உள்பட சில நாடுகள் சம்மதிக்கவில்லை. வாங்கலாம். ஆனால், விதி எழுதும் பந்தியில் இலை போடப்படவில்லை.

வெளிநாட்டு யுரேனியத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கண்காணிப்பில் உள்ள உலைகளில் மட்டுமே அதை எரிக்கலாம். கல்பாக்கத்துக்கு அது போகக்கூடாது. ஒரே தமிழ்நாட்டில், ஒரே கடற்கரையில், ஒரே மாதிரி கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. ஆனால், ஓர் உலைக்கு முத்திரை. இன்னொரு உலைக்கு இல்லை. வீட்டில் விளக்கைப் போடுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

தேவனாம்பட்டினத்தில் சிறுவர்கள் அந்தப் பழைய கோட்டையைச் சுற்றி விளையாடுகிறார்கள். கோட்டை வெள்ளைக்காரருக்கும் நிலைக்கவில்லை. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். ஆனால், அந்தப் பீரங்கி போட்ட எல்லை மட்டும் நிலைத்துவிட்டது. குண்டு கிராமங்களின் மக்களை அன்று யாரும் கேட்கவில்லை. விற்றவரும் வாங்கியவரும் பேசிக்கொண்டார்கள். காலையில் எழுந்தபோது, அவர்கள் வேறு ஒருவரின் குடிகளாக இருந்தார்கள்.

இன்று அணு ஒப்பந்தத்துக்கு நடுவில் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே உள்ள கணக்கை அவர் பார்த்துக்கொள்கிறார். நாட்டுக்கும் அந்தக் கடற்கரை மக்களுக்கும் இடையே உள்ள கணக்கு வியன்னாவில் இல்லை. அந்த ஏட்டை இங்கேதான் எழுத வேண்டும். இங்கேதான் திறந்து காட்ட வேண்டும்.